சாய மிஷின் பிஎல்சியைக் கோவையிலிருந்தே பார்க்க வேண்டும்: போர்ட் திறப்பதா, விபிஎன்னா?

கோவை_பேனல்:
பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சாஃப்ட் ஃப்ளோ மிஷினுக்கு (துணியை ரீலில் சுற்றவிட்டுச் சாயம் ஏற்றுவது) கன்ட்ரோல் பேனல் செய்து கொடுத்திருக்கிறோம். பிஎல்சியும் (மிஷினை ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர்) ஹெச்எம்ஐயும் (ஆபரேட்டர் பார்க்கும் திரை) ஒரு 4ஜி ரூட்டரில் தொங்குகின்றன. ஒரு டைமர் மாற்றுவதற்குக்கூடக் கோவையிலிருந்து போய் வர அரை நாள் போய்விடுகிறது. ரூட்டரில், மோட்பஸ் (பிஎல்சியோடு பேசும் மொழி) வந்து போகும் 502-ஆம் போர்ட்டை பிஎல்சிக்குத் திருப்பி விட்டேன். பட்டறைக்குள் லேப்டாப்பில் வருகிறது, வெளியிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது. சிம்முக்குக் கிடைத்த ஐபி 100.72 என்று ஆரம்பிக்கிறது. எங்கே தப்பு?

ஸ்பேனர்_செட்:
தப்பு உங்களிடம் இல்லை தலைவா. 100.64 முதல் 100.127 வரை வருவதெல்லாம் சிம் கம்பெனி தன் வலைக்குள் வைத்துக்கொள்ளும் முகவரி. ஏகப்பட்ட சிம்களுக்குச் சேர்த்து வெளியே ஒரே ஐபிதான் தெரியும், அதனால் வெளியாள் உங்கள் ரூட்டர் வரைக்கும் வந்து சேரவே முடியாது. ஸ்டாடிக் ஐபி சிம் (வெளியே தெரியும், மாறாத ஐபி உள்ளது) வாங்குங்கள், கம்பெனி பெயரில் கேட்டால் கிடைக்கும். அப்புறம் பிஎல்சியில் கேட்வே முகவரி (வெளியே போகும் வழி, அதாவது ரூட்டரின் ஐபி) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதிப் பேர் 0.0.0.0 என்றே விட்டுவிடுவார்கள், கேள்வி உள்ளே வரும், பதிலுக்குத் திரும்பிப் போக வழி தெரியாது. நான் மூன்று வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு பிரச்சனையும் இல்லை.

ராத்திரி_ஷிஃப்ட்:
கேட்வே விஷயம் சரி. ஆனால் 502-ஐ இணையத்தில் திறக்கச் சொல்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. மோட்பஸ் 1979-இல் மோடிகான் கம்பெனி செய்தது, ஒரே ஹாலுக்குள் ஓடும் வயருக்காக. அதில் யூசர், பாஸ்வேர்டு என்று எதுவுமே கிடையாது. இந்த ரெஜிஸ்டரில் (பிஎல்சியின் நினைவுக் கட்டம்) இதை எழுது என்று எவன் சொன்னாலும் எழுதிவிடும். இப்படித் திறந்து கிடக்கும் போர்ட்டுகளைத் தேடிப் பட்டியல் போடும் ஷோடான் என்ற தேடுதளம் 2009-லிருந்து இருக்கிறது.

ஸ்பேனர்_செட்:
நான் 502 என்றே வெளியே காட்டவில்லை, வேறு ஏதோ ஐந்து இலக்க எண் வைத்திருக்கிறேன். அதோடு, சாயப்பட்டறையை எவன் தேடி வருகிறான்?

ராத்திரி_ஷிஃப்ட்:
எல்லா போர்ட்டையும் தட்டிப் பார்ப்பது மெஷின்தான், அதற்கு எண் பெரிதா சிறிதா என்று சலிப்பு வராது. தேடி வருவது பற்றி: 2023 நவம்பரில் அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் அலிக்விப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் பம்ப் நிலையத்தில் பிஎல்சி திரையில் மிரட்டல் வாசகம் வந்து நின்றது. அந்த ஊர் மேல் எவனுக்கும் கோபம் இல்லை. பிஎல்சி இஸ்ரேலில் செய்தது, இணையத்தில் திறந்து கிடந்தது, அவ்வளவுதான் தாக்கியவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த வகை பிஎல்சிகளின் டீஃபால்ட் பாஸ்வேர்டு 1111. ஆட்கள் பம்ப்பைக் கையால் இயக்கித்தான் சமாளித்தார்கள்.

ஸ்பேனர்_செட்:
சரி, விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? 2015 டிசம்பரில் உக்ரைனில் திருடிய விபிஎன் பாஸ்வேர்டை வைத்துத்தானே மின்சாரக் கம்பெனிகளுக்குள் போனார்கள்? பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அதாவது கரண்டைத் துண்டித்து, 2 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளை இருட்டாக்கினார்கள். ஆபரேட்டர் கண் முன்னால் மவுஸ் தானாக நகர்ந்திருக்கிறது. இதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

ராத்திரி_ஷிஃப்ட்:
நியாயமான கேள்வி. வெறும் பாஸ்வேர்டை நம்பாதே, இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு வை என்பதுதான் அதில் இருக்கும் பாடம், விபிஎன்னே வேண்டாம் என்பது இல்லை. கோவை_பேனல், உங்களுக்கு ஸ்டாடிக் ஐபி சிம்மே தேவையில்லை. வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், அதில் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள். ரூட்டர் உள்ளேயிருந்து அதைக் கூப்பிடட்டும், நீங்களும் லேப்டாப்பிலிருந்து அதையே கூப்பிடுங்கள். சிம் கம்பெனியின் தடுப்பு உள்ளே வருவதற்குத்தான், வெளியே போவதற்கு இல்லை. 25 விநாடிக்கு ஒருமுறை கீப் அலைவ் (உயிரோடு இருக்கிறேன் என்ற சின்னத் தகவல்) அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இணைப்பு தூங்கிவிடும். ஆளுக்கொரு வயர்கார்ட் சாவி (ரகசியக் குறியீடு) கொடுங்கள், வேலையை விட்டுப் போனவனுடையதை அன்றைக்கே நீக்குங்கள். இன்னொன்று, எல்லா மிஷினுக்கும் 192.168.1.10 என்றே போட்டுப் பழகியிருந்தால் இரண்டாவது பட்டறையைச் சேர்க்கும்போது தலை சுற்றும். இப்போதே ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு ஐபி வரிசை வையுங்கள்.

பட்டறைக்காரன்:
நீங்கள் எல்லாரும் வயரைப் பற்றியே பேசுகிறீர்களுங்க. மிஷின் என்னுடையது. போன வருடம் எங்கள் பிட்டர் (மிஷின் மெக்கானிக்) மூடியைத் திறந்து சிக்குப் பிடித்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். பேனல் போட்ட ஆள் அதே நேரம் தன் வீட்டிலிருந்து புரோகிராமை ஏற்றி ரன்னில் போட்டுவிட்டார், ரீல் ஒரு சுற்று சுற்றியது. கை தப்பியது சாமி புண்ணியம். அவர் வந்தது விபிஎன் வழியாகத்தானுங்க! ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை.

ஸ்பேனர்_செட்:
அதற்கு இணையத்தைத் திட்டக் கூடாதுங்க அண்ணா. மூடி திறந்திருந்தால் மோட்டார் கான்டாக்டருக்கே (மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்ச்) கரண்ட் போகக் கூடாது. அதை புரோகிராமை நம்பி விட்டது பேனல் செய்தவரின் தப்பு. பக்கத்தில் நின்று ஏற்றியிருந்தாலும் ரீல் சுற்றியிருக்கும்.

பட்டறைக்காரன்:
பக்கத்தில் நின்றிருந்தால் பிட்டர் உள்ளே கைவிட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்குமுங்க. மூடி ஸ்விட்சை நீங்கள் சொல்கிறபடியே மாற்றியாகிவிட்டது. அதோடு பேனல் கதவில் ஒரு சாவி ஸ்விட்ச் வைத்து ரூட்டர் கரண்டை அது வழியாக எடுத்திருக்கிறேன். யாராவது உள்ளே வரவேண்டும் என்றால் சூப்பர்வைசருக்கு போன் பண்ண வேண்டும், அவர் மிஷின் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திருப்புவார். வேலை முடிந்தால் ஆஃப்.

ஸ்பேனர்_செட்:
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வந்தால்?

பட்டறைக்காரன்:
ராத்திரி ஷிஃப்டிலும் சூப்பர்வைசர் இருக்கிறாருங்க.

கோவை_பேனல்:
பார்த்தேன், கேட்வே 0.0.0.0 என்றுதான் இருந்தது. வயர்கார்ட் ஏறிவிட்டது, ரூட்டரிலேயே அந்த வசதி இருந்தது தெரியாமல் இத்தனை நாள் கார் ஓட்டியிருக்கிறேன். சாவி ஸ்விட்சும் நாளைக்குப் போடுகிறேன். சர்வர் வாடகையை யார் கட்டுவது என்று ஓனர் கேட்கிறார், அது தனிச் சண்டை.

ராத்திரி_ஷிஃப்ட்:
ரூட்டரில் 502 விதியை நீக்கினீர்களா?

கோவை_பேனல்:
இப்போதுதான் நீக்கினேன்.

ஸ்பேனர்_செட்:
நான் நீக்கவில்லை. எங்கள் ஆபீஸ் ஐபியைத் தவிர வேறு எதற்கும் வழி விடாதபடி மட்டும் இன்றைக்குச் செய்துவிட்டேன், போதுமா?