கிராஃப்ட் (உடம்பின் வேறு இடத்திலிருந்தோ வேறொருவரிடமிருந்தோ எடுத்து வைக்கும் எலும்பு, தோல் போன்ற ஒட்டு) பற்றி நோயாளிகள் கேட்டதில் இன்னும் மனதை விட்டுப் போகாத கேள்வி எது?

எலும்பு வார்டு செவிலியர்

கீழ்க்கால் எலும்பு கூடாமலே இருந்தவர். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அங்கே வைத்து, கம்பியும் மாற்றியிருந்தார்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் கேட்டார்: "கால்ல வலியே தெரியலைங்க, இடுப்புதான் உயிர் போகுது. இடம் மாத்திப் பண்ணிட்டாங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். கேள்வி நியாயமானதுதான். கால் கம்பியால் அசையாமல் நிற்கிறது. இடுப்பில் எலும்பின் விளிம்பிலிருந்து தசையைப் பிரித்துத்தான் உள்ளே போகிறார்கள். புரண்டாலும் எழுந்தாலும் அந்தத் தசை இழுக்கும். முன்பக்கம் எடுக்கும்போது இடுப்பின் முன் முனையிலிருந்து குறைந்தது 3 செ.மீ. பின்னால் தள்ளித்தான் வெட்டுவார்கள். நெருங்கி எடுத்தால் அந்த முனை தசை இழுப்பிலேயே பெயரலாம், தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. தொடை ஓரம் மரத்துப்போவதும் எரிவதும் அந்த நரம்பு இழுபட்டதால்தான், பெரும்பாலும் மெல்லச் சரியாகும். வலி சில வாரம் இருக்கும், சிலருக்கு மாதக் கணக்கில் நீளும். எப்போது உடனே வரவேண்டும்? நடக்கும்போது இடுப்பில் 'படக்' என்று ஏதோ விட்டு, அதன்பின் கால் ஊன்றவே முடியாவிட்டால். அது விரிசலா என்று எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, "உடம்பு ஏத்துக்குமா?" என்ற கேள்வி. இது கிட்னி மாதிரி இல்லை, கிராஃப்ட்டை உடம்பு தள்ளாது என்று சொல்லிவிடுவோம்.

பல் அறுவை

ஒருவர் டிஷ்யூ பேப்பரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே நாலைந்து வெள்ளைத் துகள். "டாக்டர், என் எலும்பு விழுந்துடுச்சு. பத்திரமா எடுத்துட்டு வந்திருக்கேன், திரும்ப வச்சிடுங்க."

அது அவருடைய எலும்பே இல்லை. பல் எடுத்த குழியில் போடுவது அநேகமாக 1 மி.மீ.க்கும் சிறிய துகள்கள், மேலே கொலாஜன் சவ்வு, அதன்மேல் தையல். முதல் சில நாட்களில் நாக்கில் மணல் போல இரண்டு மூன்று பட்டால் கவலை இல்லை, மேலாக ஒட்டாமல் இருந்தவை அவை. தினமும் வந்துகொண்டே இருந்தால், வாய் நாறினால், சீழ் சுவை தெரிந்தால், சவ்வு தொங்கினால், அன்றைக்கே வர வேண்டும்.

முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது. பிறகும் வாயில் வைத்துச் சாய்த்து விட வேண்டும், வேகமாகத் துப்பக் கூடாது. ஸ்ட்ரா வேண்டாம், அந்த உறிஞ்சலில் ரத்த உறைவு பெயரும். மேல் கடைவாய்ப் பக்கம் சைனஸ் சவ்வைத் தூக்கி அடியில் துகள் வைத்திருந்தால் இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகு) வைப்பதற்கு 4 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். "அவசரமா முடிச்சுக் கொடுங்க" என்றாலும் எலும்பு அவசரப்படாது.

துகள் மாட்டெலும்பா, சவ்வு பன்றியா என்ற கேள்வியைப் பலர் தையல் பிரிக்கும்போதுதான் கேட்கிறார்கள். புரதம் நீக்கிய மாட்டெலும்புத் தாது, பன்றிக் கொலாஜன், மனித எலும்பு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் நான்குமே புழக்கத்தில் உண்டு. கொள்கையோ நம்பிக்கையோ இருந்தால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தீக்காய வார்டு

"நேத்து ராத்திரி ஓரத்துல லேசாத் தூக்கிப் பார்த்தேன் சிஸ்டர், நல்லாத்தான் ஒட்டியிருந்துச்சு." நோயாளியின் அண்ணன். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்.

நட்ட நாற்றைப் பிடுங்கி வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்த கதைதான். தோல் ஒட்டுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் ரத்த ஓட்டமே கிடையாது. அடியில் ஊறும் திரவத்தை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நுண்குழாய்கள் ஒன்றையொன்று பிடிக்கும். அந்த நேரத்தில் கட்டு அரை விரற்கடை நகர்ந்தாலும் பிடித்தது அறுந்துவிடும். அண்ணன் தூக்கிய ஓரம் மட்டும் கருத்து, தோல் செருப்பு மாதிரி விறைத்துப்போனது. மற்ற இடம் இளஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது.

ஒட்டு தோற்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: அடியில் ரத்தம் கட்டுவது, நகர்வது, கிருமி. ரத்தம் கட்டாமல் வடியத்தான் தோலில் வலைபோலக் கீறல் போடுகிறார்கள். "ஏன் என் தோலை ஓட்டை போட்டீங்க?" என்று கோபப்படுபவர்களுக்கு இதுதான் பதில். அந்த வலைத் தடம் பிறகும் தெரியும், அதை மறைத்துச் சொல்லக் கூடாது.

தோல் எடுத்த தொடை 10–14 நாளில் தானாக மூடும். அந்தக் கட்டு காய்ந்து தானாகக் கழன்று விழ வேண்டும். இழுத்தால் புதுத் தோலும் கூடவே வரும். மெல்லிய ஒட்டில் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சரியாகச் சுரக்காது. ஆறிய பிறகு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். வெயிலில் மூடியே வைக்கவும், இல்லையென்றால் திட்டாகக் கருக்கும்.

கருவிழிப் பிரிவு

செவிலியர் அவர்களே, "கிராஃப்ட்டை உடம்பு தள்ளாது" என்ற வரியைத் தயவுசெய்து பொதுவாகச் சொல்லாதீர்கள். அதை எங்கேயோ கேட்டுவிட்டு ஒருவர் ஐந்தாம் மாதத்தில் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். கண் சிவந்து மூன்றாம் நாள் வந்து, "சாதாரண கண்வலின்னு நினைச்சேன். அதான் உடம்பு தள்ளாதுன்னு சொல்வாங்களே?" என்றார். கருவிழி பனி மூடினதுபோல் இருந்தது.

கருவிழியில் ரத்தக் குழாய் இல்லை. அதனால்தான் பெரும்பாலும் ரத்த வகைப் பொருத்தம் பார்க்காமலே வைக்க முடிகிறது, 1905-லேயே எடுவார்ட் ஸிர்ம் என்ற கண் மருத்துவரால் வெற்றிகரமாகச் செய்ய முடிந்தது. ஆனாலும் நிராகரிப்பு வரும், வருடங்கள் கழித்தும் வரும். சிவப்பு, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, வலி: நான்கில் ஒன்று வந்தாலும் அன்றே வர வேண்டும். உடனே ஸ்டீராய்டு சொட்டு மணிக்கொரு தரம் தொடங்கினால் பலமுறை மீட்கலாம். தாமதித்தால் உள்ளடுக்குச் செல்கள் போய்விடும், அவை மறுபடி பெருகுவதில்லை.

உள்ளடுக்கை மட்டும் மாற்றியிருந்தால் கூடுதல் நிபந்தனை ஒன்று: மருத்துவர் சொன்ன நேரம் வரை மல்லாந்தே படுக்க வேண்டும். உள்ளே விட்ட காற்றுக் குமிழிதான் அந்தச் சவ்வை மேலே அழுத்திப் பிடிக்கிறது. பக்கவாட்டில் படுத்தால் குமிழி நகரும், சவ்வு கழன்றுவிடலாம்.

எலும்பு வங்கி

செவிலியர், கருவிழிப் பிரிவு இருவரும் பாதி சரி. எலும்பை வைத்து மட்டும் பேசினால், பதப்படுத்தியதில் உயிருள்ள செல் இல்லை. மஜ்ஜை, கொழுப்பு எல்லாம் கழுவப்பட்டிருக்கும். அதனால் நிராகரிப்புத் தடுப்பு மாத்திரை வேண்டாம். ஆனால் கழுவாமல் உறையவைத்த எலும்பில் சிவப்பணு மிச்சம் இருக்கும். இனி குழந்தை பெறும் வயதில் உள்ள ஆர்ஹெச் நெகட்டிவ் (ரத்த வகையில் 'மைனஸ்') பெண்ணுக்கு அதை வைக்கும்போது ஆர்ஹெச் பார்த்தே ஆகவேண்டும்.

"யாரோட எலும்பு இது, செத்தவங்களோடதா?" என்று ஒரு அம்மா கேட்டார், குரலில் பயம். இறந்தவர்கள் தானம் செய்ததும் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தந்த பந்து மூட்டும் உண்டு, அந்தத் தானதாரர்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள்! எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் சோதனை. உயிரோடிருக்கும் தானதாரருக்கு 180 நாள் கழித்து மறுசோதனை செய்து, அதுவும் சரியாக இருந்தால்தான் எலும்பை வெளியே விடும் நடைமுறை உண்டு. மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வைத்தால் 5 வருடம் வரை வைத்திருப்பார்கள். கிருமி நீக்கக் கொடுக்கும் காமா கதிர் வழக்கமாக 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு). "இன்னும் கூட்டிக் கொடுத்தா இன்னும் சுத்தமாயிடாதா?" என்பார்கள். கூட்டினால் எலும்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

ஆபரேஷன் தியேட்டரில் அடிக்கடி நடக்கும் பிழை: உலரவைத்த எலும்பைப் போதிய நேரம் சலைனில் (உப்புநீரில்) ஊறவிடாமல் திருகு போடுவது. விரிசல் விழுந்த பிறகு எலும்பைக் குறை சொல்வார்கள்.

பிசியோ

எட்டாவது வாரம். முழங்கால் முன் தசைநார் மாற்றியவர், அறைக்குள் ஒற்றைக் காலில் குதித்துக் காட்டி, "வலியே இல்லை, அடுத்த வாரம் மேட்ச் ஆடலாமா?" என்றார். ஆறு முதல் பன்னிரண்டு வாரம்தான் ஒட்டின் பலம் அடிமட்டத்தில் இருக்கும் காலம். பழைய நார் சிதைந்து புதியது உருவாகிக்கொண்டிருக்கும், வலி அதற்குள் போயிருக்கும். விளையாட்டு குறைந்தது 9 மாதம் கழித்து, அதுவும் தொடை பலம் மறுகாலோடு ஒப்பிட்டுத் தேறினால்.

மயக்கவியல்

"சிகரெட் விட்டுட்டேன் சார், நிகோட்டின் சூயிங்கம் மட்டும்தான்" என்றார் ஒருவர். அதிலும் நிகோட்டின்தானே இருக்கிறது! யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: புகையை ஆபரேஷனுக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள், எலும்பு கூடியது என்று எக்ஸ்ரேயில் தெரியும்வரை தொடாதீர்கள். நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும், கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனைத் திருடும். சர்க்கரை இருந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்த்துவிட்டு வாருங்கள். வைட்டமின் டி குறைவென்றால் முன்கூட்டியே சரிசெய்யுங்கள். தினசரி ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மான ஊசி எல்லாவற்றையும் எழுதியே கொண்டுவாருங்கள், "கலர் மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது. எலும்புத் தேய்மான ஊசி போடுபவர் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறாமல் திறந்தே நிற்கும் ஆபத்து உண்டு. வலி மாத்திரையை நீங்களாக வாங்கி வாரக் கணக்கில் விழுங்காதீர்கள்.

பல் அறுவை

மயக்கவியல் சாருக்கு: சூயிங்கம்மும் சிகரெட்டும் ஒன்றில்லை. கம்மில் கார்பன் மோனாக்சைடு இல்லை. மறுபடி பற்றவைப்பதைவிட கம் மேல். ஆனால் எந்த அறுவை மருத்துவர் கோட்டினின் (நிகோட்டின் உடம்பில் மாறி உருவாகும் பொருள்) சோதனை கேட்கிறாரோ அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், அந்தச் சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான்.

எலும்பு வார்டு செவிலியர்

கருவிழிப் பிரிவு சொன்னது சரி, இனி "எலும்பு" என்று சேர்த்தே சொல்கிறேன். எலும்பு வங்கியிடம் ஒன்று: ஏர்போர்ட்டில் கிராஃப்ட் சத்தம் போடுமா என்று கேட்கிறார்கள். எலும்பு போடாது, கூட இருக்கும் திருகும் பிளேட்டும் போடலாம் என்கிறோம். எலும்பு பாக்கெட்டில் வரும் எண் ஸ்டிக்கரை நோயாளிக்கும் கொடுக்க வேண்டுமா?

எலும்பு வங்கி

பாக்கெட்டில் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில், ஒன்று டிஸ்சார்ஜ் சம்மரியில். அந்தத் தானத்தில் பிறகு ஏதாவது சந்தேகம் வந்தால் எண்ணை வைத்துத்தான் ஆளைத் தேடுவோம். சம்மரியில் ஒட்டாமல் விட்டிருந்தால் நோயாளியே கேட்டு வாங்கிப் போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.