கன்னட ஒத்தக்ஷரம் (கூட்டெழுத்து) எழுதப் பழக்குவது எப்படி?

பெங்களூருவில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மகள் இரண்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ பள்ளி. கர்நாடகத்தின் 2015 சட்டத்தால் இங்கே கன்னடம் கட்டாயம். அதில் எனக்கு வருத்தமே இல்லை, வாழும் ஊரின் மொழி வரத்தான் வேண்டும். பேச்சில் குறையும் இல்லை. கீழே விளையாடப் போனால் கன்னடத்தில் வெளுத்து வாங்குகிறாள்.

நோட்டைத் திறந்தால்தான் அழுகை. மர (மரம்), மனெ (வீடு) மாதிரி எளிய சொற்கள் வரைக்கும் சரி. ஒத்தக்ஷரம் வந்ததும் மாட்டிக்கொள்கிறாள். 'அக்க' என்று எழுத, இரண்டாவது க-வை முதல் எழுத்துக்குக் கீழே சின்னதாகத் தொங்கவிட வேண்டும். இவளோ தாத்தா சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பழக்கத்தில் முதல் க-வின் தலையில் புள்ளி வைத்து, பக்கத்திலேயே இன்னொரு க போடுகிறாள். (எனக்கென்னவோ அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிகிறது. மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்.) டிக்டேஷனில் கன்னடத்தின் நான்கு க-வில் (ka, kha, ga, gha) எது என்று வேறு குழப்பம்.

எங்கள் இருவருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது. ஸ்டோரிவீவர் இணையதளத்தில் இலவசக் கன்னடக் கதைகள் இருக்கின்றன, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் வேண்டுமே!

உங்கள் பிள்ளைகளுக்கு எது கைகொடுத்தது? டியூஷனா, காப்பி ரைட்டிங் நோட்டா? பனசங்கரி பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருபவர் யாராவது உண்டா? "தமிழை நிறுத்திவையுங்கள்" என்ற யோசனை மட்டும் வேண்டாம், தாத்தா விடமாட்டார்.