புதுப்பிப்பு: பழைய மாருதி 800 ஸ்டீரியோவின் மறதி தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, 2003 மாருதி 800-ல் புது ஸ்டீரியோ போட்டதிலிருந்து சாவியை எடுத்தாலே கடிகாரமும் பிடித்துவைத்த ஸ்டேஷன்களும் அழிந்துபோகுது என்று. செட்டே கோளாறு, திருப்பிக் கொடு என்றார்கள் பாதிப் பேர். செட்டின் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் இடம் மாறியிருக்கும் என்று ஒருவர் மட்டும் சொன்னார். அதேதான்!

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் டேஷ்போர்டைப் பிரித்தேன். பழைய ஓனர் சுற்றிய டேப் வெயிலில் இளகி, விரலெல்லாம் கருப்புப் பிசின். மல்டிமீட்டர் வைத்தால், சாவி இல்லாதபோதும் 12.5 வோல்ட் காட்டுவது ஒரே ஒரு ஒயர். அதில் நான் மாட்டியிருந்தது செட்டின் சிவப்பை. மஞ்சள்தான் செட்டின் நினைவுக்கு, அதற்கு எந்நேரமும் பேட்டரி கரண்ட் வேண்டும். சிவப்புக்கு சாவி போட்டால் வந்தால் போதும். மாற்றி முறுக்கி ஈயம் வைத்தேன்.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙொய்ய்' என்று ஏறிய இரைச்சலுக்குக் காரணம் வேறு: கருப்பு எர்த் ஒயரைப் பெயிண்ட் மேலேயே திருகியிருந்தேன். சுரண்டி வெறும் தகரத்தில் முடுக்கியதும் முக்கால்வாசி அடங்கிவிட்டது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் லேசாகக் கேட்கிறது, பரவாயில்லை.

பின் இடது ஸ்பீக்கர் இன்னும் ஊமை. அதற்குப் போகும் பச்சை ஜோடி ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் போயிருக்கும். கிருஷ்ணகிரி போகும்போது ஒன்று வாங்கணும்.