காரைக்குடியில் ஒரு நாள்: சில வேலைகள், கொஞ்சம் நடை, பழைய சாமான் கடைகள்

கோவைமருமகள் கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் காரைக்குடியில் எனக்கு ஒரு முழு நாள் கிடைக்கிறது, காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும். அரண்மனை, பெரிய பெரிய வீடுகள் எல்லாம் போன முறையே பார்த்துவிட்டோம், அதனால் இந்தத் தடவை சுற்றுலா வேண்டாம். சில வேலைகள் இருக்கின்றன. வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வேண்டும், கோவையில் நான் கேட்ட இடத்திலெல்லாம் ஆள் இல்லை என்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு கண்டாங்கிச் சேலை வாங்க வேண்டும். கூடத்துத் தரையில் உடைந்துபோன ஆத்தங்குடிக் கல்லுக்கு (டைல்) ஜோடிக் கல் வேண்டும். அப்புறம் என் அத்தை (கணவரின் அம்மா) கோட்டையூரில் பிறந்தவர், சின்ன வயதில் அவருடைய ஆயா (பாட்டி) வீட்டில் பூப்போட்ட எனாமல் அடுக்குக் கேரியர் ஒன்று இருந்ததாம், அதைப் பற்றிப் பேசாத நாளே இல்லை, அதைப் போல ஒன்று கிடைத்தால் வாங்கிக் கொடுக்க ஆசை. எந்த வரிசையில் போனால் ஓடாமல் நிதானமாக முடிக்கலாம்? பழையது எது, புதிதாகச் செய்து பழையதாக ஆக்கியது எது என்று எப்படிப் பார்ப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செக்காலைவாசி:

வாங்க, ஓடாமல் முடிக்கலாம், ஊர் சின்னதுதான். பஸ் விட்டு இறங்கியதும் காபி குடித்துவிட்டுக் கல்லுக்கட்டிப் பக்கம் நடந்து போய்க் கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிடுங்கள். மற்ற கோயில்களில் கருவறையில் ஒரு சிலை, வீதியுலாவுக்கு ஒரு சிலை என்று இருக்கும், இங்கே கருவறையில் இருக்கும் அம்மனேதான் தேருக்கும் வருவாள். காலை நேரம் வெயில் ஏறுவதற்குள் பழைய வீட்டுத் தெருக்களில் நடப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஒரு தெருவிலும் கொல்லை அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள், ஒரு பக்கச் சுவரை ஒட்டி நடந்தாலே நேரம் போய்விடும். முகப்பு திறந்திருந்தால் வெளியே நின்றே பார்க்கலாம், வளவு (உள்முற்றம்), பின்கட்டு என்று கண் கடைசி வரைக்கும் போகும். யாராவது திண்ணையில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், "ஆச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றால் பெரும்பாலும் உள்ளேயே கூப்பிடுவார்கள்.

பாத்திரத்தைக் காலையிலேயே இறக்கிவிட வேண்டும், இதுதான் முக்கியம். பாத்திரக் கடைகளில் கேட்டால் ஈயம் பூசுகிறவர் எங்கே இருக்கிறார் என்று சொல்வார்கள், வருவதற்கு முன்பே போனில் பேசி வைத்துக்கொண்டால் நல்லது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் எடுக்கலாம். காரீயம் இல்லை, வெள்ளீயம்தானா என்று கேட்டு, முடிந்தால் கொஞ்ச நேரம் கூடவே நின்று பாருங்கள். பாத்திரத்தைச் சூடு பண்ணி, நவச்சாரப் பொடி தூவி, ஈயத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தால் உள்பக்கம் வெள்ளியாக மாறும், பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பத்து மணிக்கு மேல் போங்கள், பழைய சாமான் கடைகள் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊரே கொஞ்சம் கண் அசரும், அந்த நேரத்தில் ஆட்டோ பேசிக்கொண்டு ஆத்தங்குடி போய் வந்துவிடலாம். கண்டாங்கியை சாயங்காலத்துக்கு வையுங்கள். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள், அதனால் காரைக்குடியில் தறியில் நெய்ததா என்று கேட்டே வாங்குங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு, கட்டம் போட்ட உடம்பு, அகலமான கரை, அம்மாவுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும்.

பித்தளைப்பிரியன்:

எனாமல் பற்றி நான் சொல்கிறேன், பல வருடமாகச் சேர்க்கிறேன். முதலில் அடியைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த சாமான்களில் நாட்டின் பெயரோ கம்பெனி முத்திரையோ பெரும்பாலும் அடியில் இருக்கும். முத்திரை இல்லை என்றால் உடனே போலி என்று நினைக்க வேண்டாம், தேய்ந்தும் போயிருக்கலாம். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். உண்மையாகப் புழங்கிய கேரியரில் அடுக்கும் அடுக்கும் உரசும் விளிம்பு, கைப்பிடி, கொக்கி மாட்டும் இடம் இவைதான் தேய்ந்திருக்கும். உடம்பின் நடுவில் ஒழுங்காக நாலு இடத்தில் பெயர்ந்து விளிம்பு மட்டும் பளபளவென்று இருந்தால் யாரோ வேண்டுமென்றே செய்த வேலை. எல்லா அடுக்கையும் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள், வேறு வேறு கேரியரின் அடுக்குகளைச் சேர்த்து ஒன்றாக்கி வைத்திருப்பார்கள், பூ ஒத்துப்போகும், ஆனால் அளவு ஒட்டாது. ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். எனாமலுக்கு உள்ளே இரும்பு, அதனால் ஒட்ட வேண்டும். பித்தளை என்று கொடுப்பதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

வாங்கியதை அலமாரியில் வையுங்கள், தயவுசெய்து அதில் சாப்பாடு கட்டிக் கொடுக்காதீர்கள். பழைய எனாமல் நிறங்களில் காரீயமும் காட்மியமும் இருக்கலாம், பெயர்ந்த இடத்தில் துருவும் ஏறும்.

விலை பேசுங்கள், பேசத்தான் வேண்டும். சாமி சிலை, பழைய ஓலைச்சுவடி மட்டும் கை வைக்காதீர்கள். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருளை, சுவடி என்றால் 75 வருடம் தாண்டியதை, வெளிநாட்டுக்குக் கொண்டு போக முடியாது, சிலைகளைப் பதிவு செய்திருக்கவும் வேண்டும். எந்தக் கோயிலிலிருந்து போனதோ யாருக்குத் தெரியும்.

பள்ளத்தூரான்:

விலை பேசுவதைப் பற்றி நண்பர் சொன்னது சரி, நான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் இருக்கும் தூண், கதவு, நிலை, பூட்டு, பாத்திரம் எல்லாம் இங்கே ஒரு வீடு பிரிக்கப்பட்டதால் வந்தவை. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது அங்கே தொழில் செய்த இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு வந்தார்கள், 1948க்கு அப்புறம் அங்கே இருந்த நிலமும் போயிற்று. இங்கே வீடு மட்டும் நின்றது. ஒரு தலைமுறை தாண்டினால் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளி, ஓடு மாற்றக்கூட ஒருமித்துப் பணம் வராது, கடைசியில் மரத்துக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை என்று போய்விடும். எங்கள் வீடும் அப்படித்தான் போனது.

அதனால் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, உருக்குவதற்குப் போவதைவிட உங்கள் கூடத்தில் இருப்பது எவ்வளவோ மேல். பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு மூன்று எழுத்து வெட்டியிருக்கும், அது அந்த வீட்டின் விலாசம், அதாவது அந்தக் குடும்பத்தின் அடையாள எழுத்து. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது வெட்டுவது. பாலிஷ் போடுகிறேன் என்று அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள், கடைக்காரர் எடுத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த ஊர் வீட்டுச் சாமான் என்று கேளுங்கள், சில கடைக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். உங்கள் அத்தையிடம் அவர் ஆயா வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த எழுத்தே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடுவதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கோட்டையூர் என்றதும் ரோஜா முத்தையா ஞாபகம் வருகிறது. அவரும் அந்த ஊர்தான். பழைய புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்தார், அவர் காலமான பிறகு 1994ல் அதுதான் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் ஆனது. கடைகளில் காகிதக் கட்டு கிடந்தால் அதையும் ஒரு புரட்டு புரட்டுங்கள்.

கோவைமருமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அத்தையிடம் இப்போதுதான் கேட்டேன், விலாசத்தை யோசிக்காமல் சொன்னார், அப்புறம் கேரியரின் பூ என்ன நிறம், மூடியில் எந்தப் பக்கம் நெளிவு என்று அரை மணி நேரம் பேசினார். அவரையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன், அதனால் நடையைக் குறைத்துக்கொள்வோம். கல் விஷயம் மட்டும் ஒரு சந்தேகம், போன அன்றைக்கே ஜோடிக் கல் கிடைக்குமா?

செக்காலைவாசி:

அத்தையைக் கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். கல் அன்றைக்கே கிடைப்பது கஷ்டம், அந்த டிசைன் கையிருப்பில் இருந்தால்தான் உண்டு. இதைச் சூளையில் சுடுவதில்லை, கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காய வைத்து, தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காய வைத்துத் தருவார்கள். அதனால் உடைந்த துண்டைப் பகலில் படம் எடுத்து அளவோடு இப்போதே அனுப்பிச் சொல்லிவிடுங்கள், வரும்போது துண்டையும் கையில் கொண்டு வாருங்கள், படத்தில் நிறம் ஏமாற்றும். புதுக் கல் பழைய தரையோடு முதலில் ஒட்டாது, கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் தெரியும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்ட தண்ணீரில் துடைத்து வாருங்கள், புழங்கப் புழங்கச் சேர்ந்துவிடும். ஆசிட் மட்டும் தரையில் பட விடாதீர்கள். ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் ஊற்றுகிறார்கள், பட்டறையில் கேட்டால் அத்தைக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்து நிதானமாகப் பார்க்க விடுவார்கள்.