பின்பக்கம் மங்க வேண்டும், பொரி தெரியக் கூடாது: வழி சொல்லுங்கள்

வணக்கம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஓர் அரூபச் சிற்பம் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று அரைமுறுக்குகள் கொண்ட மோபியஸ் பட்டை (நாடாவை முறுக்கி முனைகளை ஒட்டிய வளையம்), பித்தளைப் பளபளப்பு. முன்மடிப்பு மட்டும் கூர்மையாகத் தெரிந்து, பின்னால் சுருண்டு போகும் பகுதி கரைய வேண்டும் என்று ஆசை.

முதலில் கேமராவில் எஃப் எண்ணை (லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறைந்தால் மங்கல் கூடும்) 2.8 என்று வைத்தேன், எதுவுமே மங்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பார்த்தேன், சிற்பத்தின் உயரம் 20 மீட்டர்! கோபுரத்தைத் தள்ளி நின்று படமெடுத்த கதைதான். 20 சென்டிமீட்டராகச் சுருக்கி, கேமராவையும் அருகே நகர்த்தியதும் மங்கல் தானாக வந்துவிட்டது.

இப்போது வேறு சிக்கல். பித்தளையில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளிகள் பின்பகுதியில் வட்டவட்டமாக விரிகின்றன. அழகுதான். ஆனால் 512 சாம்பிளில் (படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் ஒளிக்கதிர்களின் எண்ணிக்கை) உப்பைத் தூவியதுபோல் பொரிப்பொரியாக நிற்கின்றன. இரைச்சல் நீக்கியை இயக்கினால், ஈரத்துணி பட்ட கோலம்போல் வட்டங்கள் இழுபட்டுவிடுகின்றன. 4096-க்கு ஏற்றினால் என் பழைய மடிக்கணினி ஒரே படத்துக்கு இரவு முழுவதும் உறுமுகிறது. எது எவ்வளவு தூரத்தில் என்ற ஆழத் தகவலைத் தனியாக எடுத்து, கம்பாசிட்டரில் (படம் உருவான பின் திருத்தும் பகுதி) மங்கலாக்கியும் பார்த்தேன். முன்மடிப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு விழுந்தது. அந்த வழி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறைமுக ஒளிக்கு (பரப்புகளில் பட்டுத் தெறித்து வரும் ஒளி) உச்சவரம்பு வைத்தால் பொரி குறையுமா, வட்டங்களின் பளிச்சும் சேர்ந்தே போய்விடுமா? சிறு விளக்குகளுக்குப் பதிலாகப் பெரிய ஒளிப்பலகை வைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் நீங்கள் வைத்த எண்களைச் சொல்லுங்கள். சிற்பமே நன்றாக இல்லை என்பவர்களும் தாராளமாகச் சொல்லலாம், பொரி தீர்ந்த பிறகு.