புதுப்பிப்பு: ஸ்லைடுஷோ நடுவில் வெளுத்த கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: மாமாவின் ஜவுளிக்கடை இணையதளத்துக்கு ஸ்லைடுஷோ செய்கிறேன், ஒரு படம் மங்கி அடுத்தது வரும்போது நடுவில் வெளுத்துப் போகிறது, ஏன் என்று. விடை கிடைத்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். பழைய படத்தின் ஒபாசிட்டியை (1 என்றால் படம் முழுதாகத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது) 1-லிருந்து 0-க்கும், புதியதை 0-விலிருந்து 1-க்கும் ஒரே நேரத்தில் ஓட்டியிருந்தேன். இரண்டும் சேர்ந்து பின்னணியை எப்போதும் மறைத்துவிடும் என்று நினைப்பு. கணக்கு அப்படி இல்லை. பாதி வழியில் மேல் படம் 50% மறைக்கிறது. மிச்சத்தில் பாதியைத்தான் கீழ்ப் படம் மறைக்கிறது. ஆக, 25% வெள்ளைப் பின்னணி எட்டிப் பார்க்கிறது. அரக்குச் சேலை ரோஸாகத் தெரிந்தது அதனால்தான்!

இப்போது பழைய படத்தைத் தொடுவதே இல்லை. அது அடியில் முழுதாக இருக்கும், புதியது மட்டும் மேலே வரும். அப்புறம் ஆசை விடவில்லை, மங்கலுக்குப் பதில் கிளிப்-பாத் (ஒரு வடிவத்துக்குள் விழும் பகுதியை மட்டும் காட்டும் வசதி) போட்டேன். நடுவிலிருந்து ஒரு வட்டம் 0.8 நொடியில் விரிந்து புதுப் படத்தைத் திறக்கிறது. ஆரத்தை 50% என்று கொடுத்தால் நான்கு மூலைகளும் வெட்டுப்பட்டு நிற்கும். 71% கொடுத்தால் படம் நீளமோ சதுரமோ, முழுதாக மூடிவிடும்.

பெரிய படங்கள் முதல் சுற்றில் திக்கின. டிகோட் (படக் கோப்பைத் திரையில் காட்டத் தயாராக்குவது) முடிந்த பிறகே மாற்றத்தைத் தொடங்கவைத்தேன், சரியாகிவிட்டது.

ஒன்று பாக்கி: போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு வட்டம் வேண்டாம், படம் சட்டென்று மாறினால் போதும். அந்த மீடியா குவெரியை (போனின் அமைப்பைப் பார்த்து ஸ்டைலை மாற்றும் நிபந்தனை) இன்று இரவு சேர்க்க வேண்டும்.