18 பல்லிலிருந்து 22 பல்லுக்கு: இரண்டு வேக ரலியில் நான் விட்ட பிழை

அப்பா விட்டுச்சென்ற 28 அங்குல ரலி சைக்கிளை மீண்டும் ஓடவைத்தபோது, அதன் பின்சில்லில் ஃபிஷ்டல் அண்ட் சாக்ஸ் நிறுவனத்தின் பழைய டோர்பெடோ டுவோமாட்டிக் ஹப் ஒன்றைப் பொருத்தினேன். ஹப் என்பது சில்லின் நடுவிலுள்ள குடம்; இது கேபிள் இல்லாத, இரண்டு வேக கியரை உள்ளேயே கொண்ட ஹப். பெடலைச் சற்றுப் பின்னுக்குத் தட்டினால் கியர் மாறும், தொடர்ந்து அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ரலியின் ரிம்மில் 40 துளைகள், ஹப்பிலோ 36. பொருந்தும் ரிம்மைத் தேடியதிலேயே ஒரு மாதம் கழிந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, பின் பற்சக்கரத்தைத் தெரிவுசெய்ததில் வந்தது.

டாம் வீதியில் சில்லுக் கட்டித்தந்த முதியவர், "தம்பி, ரலிக்கு முன்னுக்கு 46, பின்னுக்கு 18. காலங்காலமாக அதுதானே" என்றார். நானும் தலையாட்டினேன். டுவோமாட்டிக்கில் நேரடி கியர்தான் (பின் பற்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லும் ஒரு சுற்றே சுற்றுவது) தாழ்ந்தது, மற்றது அதைவிட 36 சதவீதம் உயர்ந்தது என்பதை இருவருமே யோசிக்கவில்லை. முன்பற்களைப் பின்பற்களால் வகுத்துச் சில்லின் விட்டத்தால் பெருக்கும் பழைய அங்குலக் கணக்கில், 46க்கு 18 என்பது ஏறத்தாழ 72. ஒற்றை வேக வண்டிக்கு, கொழும்பின் சமதரையில் அது தாராளம். என் வண்டியிலோ அந்த 72தான் தாழ்ந்த கியர், உயர்ந்தது 97.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போன முதல் நாளே முழங்கால் சொல்லிவிட்டது. இந்த ஹப்பில் பிரேக் பிடிப்பதும் பின்னுக்கு மிதிப்பதுதான் என்பதால், ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் கியர் மாறிவிடுகிறது. காலி வீதி நெரிசலில் எத்தனை தடவை பிரேக் பிடித்தோம் என்று யார் எண்ணிக்கொண்டிருப்பது? பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்ததும் மிதித்தேன், 97 அங்குலம். முழு உடம்பையும் பெடலில் ஏற்றியும் வண்டி அசையத் தயங்கியது, பின்னால் நின்ற பஸ்காரர் ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை. திரும்பி வரும்போது வுல்பெண்டால் மேட்டில், தாழ்ந்த கியரிலும் முடியாமல் இறங்கி உருட்டினேன்.

அதன்பின் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். ஏற்றத்துக்கு எது வேண்டும் என்று கேட்காமல், நின்ற நிலையிலிருந்து எந்த உயர் கியரில் என்னால் புறப்பட முடியும் என்று கேட்டேன். என் காலுக்கு 80 அங்குலம்தான் எல்லை. அதை 1.36 ஆல் வகுத்தால் 59. 46 பல்லுக்கு அதைத் தருவது 22 பல் சக்கரம். இப்போது நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் தாழ்ந்த கியரில் மணிக்கு சுமார் 17 கிலோமீற்றர், உயர்ந்ததில் 23. நகருக்குள் அதற்கு மேல் ஓட வழியும் இல்லை.

சக்கரத்தை மாற்றுவது சின்ன வேலை: கம்பி வளையத்தை நெம்பி எடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதை இருத்த வேண்டியதுதான். நான்கு பல் கூடியதால் சங்கிலியில் இரண்டு கண்ணிகள் சேர்க்க நேர்ந்தது. ஹப்பிலிருந்து நீளும் பிரேக் கையைச் சட்டத்துடன் இறுக்கும் பட்டியை மறுபடி முறுக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்து, தெரு முனைவரை போய்த் திரும்பினேன்.

என் எண்ணை அப்படியே எடுப்பவர்கள் முதலில் தங்கள் ஹப்பைப் பார்க்க வேண்டும். இதேபோன்ற இன்னொரு இரண்டு வேக ஹப்பான, மஞ்சள் பட்டை போட்ட பென்டிக்ஸில் நேரடி கியர்தான் உயர்ந்தது, மற்றது அதைவிட 32 சதவீதம் தாழ்ந்தது. அதில் 18 பல்லே 72, 49 என்று நல்ல சோடியைத் தரும்.

வெள்ளவத்தைப் பக்கம் மட்டும் ஓடுபவருக்கு 20 பல் போதும் என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரைன் டிரைவில் தெற்கு நோக்கி ஒருமுறை மிதித்துவிட்டு அதைச் சொல்லும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.